தாரை வார்த்த முழங்கால்

கரக் மேட்டில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், யாருக்குக் கல்யாணம் நிச்சயமானாலும், யாருடைய வண்டி யார் மேல் ஏறினாலும் முதல் போன் முஃப்லிஹுக்குத்தான் வரும். ஆறுதல் தேடி அல்ல, நாற்காலிக்கு. இரண்டு பெரிய கூடாரம், நானூறு பிளாஸ்டிக் நாற்காலி, பித்தளைக் காபிக் கூஜா ஒரு டஜன், எல்லாவற்றையும் ஏற்றிப் போக ஒரு பழைய லாரி, இவ்வளவுதான் அவர் தொழில். பதினாறு வருடம் ராணுவத்தில் லாரி ஓட்டிவிட்டு ஊருக்கு வந்தவர், நொடித்துப்போன ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து அந்த நாற்காலிகளை அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போட்டார். அதிலேயே மூன்று பெண்களை வளர்த்து, இரண்டு பேரைக் கட்டிக்கொடுத்தும் ஆயிற்று.

ஆண் பிள்ளை இல்லை. ஆனாலும் ஊர் அவரை அபூ ஃபராஜ், ஃபராஜின் அப்பா, என்றுதான் கூப்பிடும். பிறக்காத பிள்ளையின் பேரைச் சொல்லி ஒரு மனிதரை முப்பது வருடம் கூப்பிடுவதை மரியாதை என்று எங்கள் பக்கத்தில் நினைக்கிறோம். அவரும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

கல்யாணத்தையும் சாவையும்விட அவருக்குப் பிடித்தது ஜாஹாதான். தப்பு செய்தவன் வீட்டுக்காக ஊர்ப் பெரிய மனிதர்கள் அறுபது எழுபது பேர் திரண்டு, அடிபட்டவன் வாசலுக்கு வந்து உட்காருவார்கள். காபி ஊற்றப்படும். தலைவராக வந்தவர் கோப்பையை வாங்கி, வாயில் வைக்காமல் முன்னால் வைத்துவிட்டு, வந்த காரியத்தைச் சொல்வார். அடிபட்ட வீட்டார் மனம் இறங்கி, "காபியைக் குடிங்க, நீங்க கேட்டது கேட்டபடி ஆச்சு" என்று சொல்லும்வரை ஒரு கோப்பையும் உதட்டுக்குப் போகாது. அந்த ஒரு வாக்கியத்துக்காக அத்தனை தலைகளும் ஒரே ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கும். முஃப்லிஹ் முப்பது வருடமாகக் கடைசி வரிசையில், காபி ஊற்றுகிறவன் பக்கத்தில், நாற்காலி குறைந்தால் தன்னுடையதை எழுந்து கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டவர். யார் எப்படி இழுப்பார், எந்த இடத்தில் தொண்டையைச் செருமுவார், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவார் எல்லாம் அத்துப்படி. லாரி ஓட்டும்போது தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பதும் உண்டு. ஒரு நாள் அவர் மனைவி ஸப்ஹா கேட்டுவிட்டாள்.

"யார்கிட்ட பேசறீங்க?"

"ஸ்டியரிங்கிட்ட."

"அதாச்சும் எதிர்த்துப் பேசாது" என்றாள் ஸப்ஹா.

கடைக்குட்டி நுஜூத் மழலையர் பள்ளி டீச்சர். வயது இருபத்தேழு. பிள்ளைகளோடு நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து எழுந்து, மண்டியிட்டுச் சட்டைப் பொத்தான் போட்டு, ஷூ லேஸ் கட்டிவிடுகிற வேலை. மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பகல், பள்ளி வாசலில் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டு, யாரோ விட்டுப்போன ஒரு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தக்காளிப் பெட்டி ஏற்றிய பிக்அப் ஒன்று ஓரத்தில் ஏறி, அவளுடைய இடது முழங்காலைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. ஓட்டியவன் சாமிஹ், இருபத்திரண்டு வயது. கண் ரோட்டில் இல்லை, போனில் இருந்தது. ஓடிப்போகவில்லை என்பது ஒன்றுதான் அவன் செய்த நல்ல காரியம்.

விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டுமோ அதையெல்லாம் மற்ற டீச்சர்களே செய்துவிட்டார்கள். வண்டியை நகர்த்த விடவில்லை. போலீஸைக் கூப்பிட்டார்கள். போலீஸ் வந்து டேப் பிடித்து அளந்து, 'குரோக்கா' என்கிற படத்தை வரைந்து, முழுத் தப்பும் பிக்அப் மேல் என்று எழுதியது. வண்டியின் இன்சூரன்ஸ் நம்பரை ஒரு டீச்சர் போனில் படம் பிடித்து வைத்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அறிக்கை எழுதினார்: இப்போது எலும்புக்குத் தகடு வைத்தாயிற்று, உள்ளே அறுந்த தசைநாருக்கு அம்மானில் இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டும், மூன்று மாதத்துக்குள் செய்தாக வேண்டும், தவறினால் முழங்கால் மடங்காது. எல்லாம் சரியாக நடந்தது. கெடுப்பது ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அதற்கு முஃப்லிஹ் வந்து சேர்ந்தார்.

சாமிஹை உள்ளே வைத்திருந்தார்கள். அடிபட்ட வீட்டார் தங்கள் உரிமையை விட்டுக்கொடுத்து ராஜி எழுதினால்தான் வெளியே வருவான். அவன் வீட்டார் வெள்ளிக்கிழமை ஜாஹா கொண்டுவருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். இதிலெல்லாம் முன்கூட்டியே பேசி முடிப்பதுதான் வழக்கம், கூட்டத்தில் நடப்பது ஊர் பார்ப்பதற்கு. முஃப்லிஹ் குடும்பத்தில் மூத்தவர் அபூ தவ்கான், அவர் பேசி முடித்துவிட்டார்: பையனை மன்னிக்கிறோம், வழக்கை விட்டுவிடுகிறோம், ஆனால் பெண்ணுக்கு நடக்கிறவரை வைத்தியம் அவர்கள் பொறுப்பு. எல்லாருக்கும் சம்மதம்.

வெள்ளிக்கிழமை காலையில் முஃப்லிஹ் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஸப்ஹா தண்ணீர் பிடிக்க வெளியே போன சமயம் நுஜூத் அவர் கையைப் பிடித்தாள்.

"யாபா, அந்தப் பையனை விட்டுடுங்க. அவன் அம்மா நேத்து வந்து இங்க நின்னு அழுதா. ஜெயில்ல இருந்து என்ன ஆகப்போகுது. ஆனா வைத்தியத்தை விட்டுடாதீங்க. அந்த ரெண்டாவது ஆபரேஷன் நடந்தாதான் நான் தரையில உக்கார முடியும்."

"அதெல்லாம் பேசியாச்சுமா."

"பேசினது தெரியும். கூட்டத்துல ஆளுங்க உசுப்பேத்திவிடுவாங்க. அதான் சொல்றேன்."

"நான் என்ன, பேசற ஆளா?" என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார்.

அன்று பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு ஜாஹா வந்தது. நாற்காலிகள் அவருடையவை, கூடாரம் அவருடையது, காபி அவர் வறுத்தது. ஆனால் அன்றைக்குத்தான் முதல் முறையாக முதல் வரிசையில் உட்கார்ந்தார். எதிரே ஷேக் அபூ ஹாயில். இந்தப் பக்கத்தில் எந்த ஜாஹாவாக இருந்தாலும் அவர்தான் வாய், அவர் முகத்துக்காக மன்னிக்காதவர்கள் குறைவு. அவர் கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார். கடவுளைப் புகழ்ந்தார், இரண்டு குடும்பத்தையும் புகழ்ந்தார், பையனின் சின்ன வயதைச் சொன்னார், விதியைச் சொன்னார்.

அபூ தவ்கான் எழுந்தார். பேசி வைத்ததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் ஒரு மரியாதைக்காகத் திரும்பி, "பொண்ணைப் பெத்தவர் இருக்கும்போது நான் யாரு? அபூ ஃபராஜ், வார்த்தை உன்னோடது, நீயே சொல்லு" என்றார்.

முஃப்லிஹ் எழுந்தார். நூறு முகம் அவரைப் பார்த்தது. யாரும் அதுவரை அவரை அப்படிப் பார்த்ததில்லை. நாற்காலி எங்கே, காபி எங்கே என்று கேட்கத்தான் பார்த்திருக்கிறார்கள். முதல் வாக்கியம் வந்தது, பின்னாலேயே இரண்டாவது வந்தது. லாரியில் பழகிய குரல், தாழ வேண்டிய இடத்தில் தாழ்ந்தது, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. "ஷேக், உங்க காபியைக் குடிங்க. அல்லாவுக்காக விட்டேன், ரசூலுக்காக விட்டேன், வந்திருக்கிற முகங்களுக்காக விட்டேன். பையன் என் பையன்." அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் நினைத்தார் என்று பின்னால் பல தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் கூட்டத்தில் "ஆஹா" என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அது தலைக்கு ஏறியது. "வைத்தியமும் வேணாம். மருந்துக் காசும் வேணாம். இன்னைக்கும் வேணாம், இனிமேலும் வேணாம். என் பொண்ணு காலை விலை பேச மாட்டேன்."

அபூ தவ்கான் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் அபூ ஹாயில் எழுந்து முஃப்லிஹின் தோளில் முத்தம் வைத்துவிட்டார். எழுபது பேர் காபி குடித்தார்கள். எழுதுகிறவர் ராஜிப் பத்திரத்தில் அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். அடிபட்டவர் சார்பாக முஃப்லிஹ் கையெழுத்துப் போட்டார், ஜாமீனாக அபூ ஹாயில் போட்டார். அடிபட்டவளுடைய கையெழுத்துக்கு அந்தத் தாளில் இடமே இல்லை, யாரும் அதைத் தேடவும் இல்லை.

கூட்டத்தில் ஒருவன் வீடியோ எடுத்திருந்தான். அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் அது நுஜூத்தின் போனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவள் அதைப் பார்த்து முடித்து, போனைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"நல்லா பேசினீங்க யாபா" என்றாள்.

அவ்வளவுதான். கோபித்திருந்தால் பதிலுக்குக் கோபித்துவிட்டு ஆறியிருப்பார். இந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்கு இன்றுவரை தெரியவில்லை. நுஜூத் காலையில் சொன்னதை அவர் ஸப்ஹாவிடம் சொல்லவில்லை. நுஜூத்தும் சொல்லவில்லை.

வீட்டில் எல்லாரும் ஒரு நம்பிக்கையில் இருந்தார்கள்: விட்டுக்கொடுத்தது பையனுக்கு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு யார் விட்டுக்கொடுத்தார்கள், அவர்கள் கொடுத்துத்தானே ஆக வேண்டும். மே மாதம் முஃப்லிஹ் குரோக்காவையும் டாக்டர் அறிக்கையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு கம்பெனி அலுவலகத்துக்குப் போனார். மேஜைக்குப் பின்னால் இருந்த ஆள் மரியாதையாக டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, ராஜிப் பத்திரத்தின் நகலைத் திருப்பிக் காட்டினார்.

"ஹாஜி, வண்டிக்காரன் பேர்ல உங்களுக்கு ஒரு உரிமை இருந்தா, அவனுக்குப் பதிலா நாங்க கொடுப்போம். நீங்கதான் 'இன்னைக்கும் வேணாம் இனிமேலும் வேணாம்'னு எழுதிக் கொடுத்துட்டீங்களே. அவன்கிட்ட ஒண்ணும் பாக்கி இல்லேன்னா எங்ககிட்ட மட்டும் எப்படி இருக்கும்?"

"அது வாய்ல வந்துடுச்சு."

"வாய்ல வந்தது சரி. கையெழுத்துமா தானா வந்துச்சு?"

வெளியே வந்து லாரியில் உட்கார்ந்தார். மூன்று மாதத்தில் இன்னும் மூன்று வாரம் மிச்சம் இருந்தது. லாரியை விற்றாலே அறுவை சிகிச்சை நடந்திருக்கும். வாங்கத் தயாராக ஒரு ஆளும் இருந்தான். ஆனால் லாரியை விற்றால் ஏன் விற்றீர்கள் என்று ஸப்ஹா கேட்பாள். கேட்டால் கம்பெனி கையை விரித்தது வெளியே வரும், அதைப் பிடித்து இழுத்தால் மகள் அன்று காலையில் சொன்னதும் வரும். வீட்டுக்குப் போய், "ஃபைல் மேல போயிருக்காம்" என்றார்.

இதுதான் அவர் செய்ததிலேயே மோசமானது என்பது என் எண்ணம். கூட்டத்தில் பேசியது ஒரு நிமிடத்துப் போதை, யாருக்கும் வரலாம். இதைப் பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டுச் செய்தார், ஒரு முறை அல்ல, வாரா வாரம் செய்தார். "அம்மான்ல கையெழுத்துக்கு நிக்குது." "மேனேஜர் உம்ரா யாத்திரை போயிருக்கார்." "ரமலான் முடியட்டும்னு சொல்றாங்க." ஸப்ஹா ஒவ்வொன்றையும் நம்பினாள். நுஜூத் நம்பினாளா என்று தெரியாது, கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுவாள். ஜூன் போயிற்று. கோடை போயிற்று. பள்ளியில் அவளுக்குப் பதிலாக வேறு டீச்சர் வந்துவிட்டாள்.

நுஜூத் தொழுகைக்கு மண்டியிட முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து தொழத் தொடங்கினாள். கடையிலிருந்து கொண்டுவந்த வெள்ளை நாற்காலி, முதுகில் அவர் கையாலேயே பெயிண்டில் எழுதிய நம்பர், 212. தொழுகைத் திசையான கிப்லாவைப் பார்த்து அந்த நாற்காலி முன்னறையில் எப்போதும் கிடக்கும். முஃப்லிஹ் அந்த அறை வழியாகப் போவதை விட்டுவிட்டு, சமையலறைக் கதவு வழியாக வீட்டுக்குள் வரப் பழகினார். ஸப்ஹா கேட்டதற்குக் காலில் மண் என்றார்.

பிப்ரவரியில் நுஜூத் யாரிடமும் சொல்லாமல் ஊன்றுகோலோடு பஸ் ஏறி, நகரத்தில் வக்கீல் லமீஸைப் பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் மாலை லமீஸ் வீட்டுக்கே வந்தாள். வயது முப்பத்தைந்து இருக்கும், முகத்தில் சிரிப்புக் கம்மி. ஸப்ஹாவை வைத்துக்கொண்டே நேராக ஆரம்பித்தாள்.

"ஹாஜி, கம்பெனி மே மாசமே இல்லேன்னு சொல்லிடுச்சு, எழுத்துல பதில் கொடுத்திருக்கு. வீட்ல சொன்னீங்களா?"

ஸப்ஹா அவரைப் பார்த்தாள். அவர் பாயைப் பார்த்தார்.

"அப்ப அந்த மேனேஜர் உம்ராவுலேர்ந்து இன்னும் வரலையா?" என்றாள் ஸப்ஹா. அதற்கு மேல் அன்றைக்கு அவள் அவரிடம் பேசவில்லை. தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் பேசினாள்.

லமீஸ் வழக்கை விளக்கினாள். "நுஜூத் மேஜர். கால் அவளோடது, நஷ்டஈடு உரிமையும் அவளோடது. அதை அவ விடணும்னா அவ விடணும். அப்பா விட முடியாது, ஷேக் விட முடியாது. நீங்க அவ சார்பா கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அதுக்கு அவ உங்களுக்கு அதிகாரம் கொடுத்தாளான்னு கோர்ட்ல கேப்பாங்க. கொடுத்தான்னு நீங்க சொன்னா கேஸ் அங்கேயே முடிஞ்சுது. கொடுக்கலைன்னு சொன்னா நடக்கும். அவ என்கிட்ட 'யாரும் என்னைக் கேக்கவே இல்ல'ன்னு சொல்லியிருக்கா. அதை மட்டும் சொல்லுங்க போதும்."

முஃப்லிஹ் மகளைப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான். கேட்காமலே அவள் சொன்னாள் என்பதை அவள் வக்கீலிடம்கூடச் சொல்லவில்லை. அறியாமல் செய்தவர் என்கிற ஒரு போர்வையை அவருக்காக விட்டுவைத்திருக்கிறாள்.

அந்த வாரமே லாரியை விற்றார். அம்மானில் அறுவை சிகிச்சை நடந்தது. பண்ணிய டாக்டர் வெளியே வந்து, நாள் கடந்துவிட்டதால் உள்ளே எல்லாம் ஒட்டிப்போயிருந்தது, முடிந்ததைச் செய்திருக்கிறேன் என்றார். இனி பிசியோதெரபிக்கு மாதக்கணக்கில் போக வேண்டும். நாற்காலியைக் கொண்டுபோக இப்போது வாடகை வண்டி. அந்தச் செலவுக்கு மிச்சம் இருந்த ஒரே வழி லமீஸ் கம்பெனி மேல் போட்ட வழக்குதான்.

வாய்தாவுக்கு நான்கு நாள் முன்னால் அபூ ஹாயில் கடைக்கு வந்தார். எந்த ஜாஹாவுக்கும் அவர் நேரில் வந்து நாற்காலி கேட்டதில்லை. முஃப்லிஹ் பதறிப்போய்க் காபி ஊற்றினார். அவர் அதைக் குடித்துவிட்டுத்தான் பேசினார், கேட்க வந்தது வழக்கமான ஜாஹா அல்ல என்பதால்.

"அபூ ஃபராஜ், முப்பது வருஷமா உன் நாற்காலியில உக்காந்துதான் பேசறேன். ஒரு தடவை ஒரு கால் உடைஞ்சதில்ல."

"உங்க தயவு ஷேக்."

"அந்தப் பத்திரத்துல என் பேர் இருக்கு. நீ கோர்ட்ல நின்னு 'எனக்கு அதிகாரம் இல்ல'ன்னு சொன்னா, நாளைக்கு இந்த மேட்டுல எவன் ராஜியை எவன் நம்புவான்? ஒவ்வொருத்தனும் காபி குடிச்சு முடிச்சதும் வீட்ல பொண்ணைக் கேக்கணும், பொண்டாட்டியைக் கேக்கணும்னு கிளம்பிடுவான். பொண்ணோட செலவுக்கு நாங்க வசூல் பண்ணித் தரோம். நான் முதல்ல போடறேன். நீ மட்டும் 'அவ சம்மதிச்சா'ன்னு சொல்லிடு. யாருக்கு என்ன நஷ்டம்?"

அவர் கெட்டவர் இல்லை. வசூல் பண்ணித் தருவேன் என்றால் தருவார். ஊரே சேர்ந்து ஒரு பெண்ணின் முழங்காலுக்குப் பிச்சை போடும், அவள் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டு திரிய வேண்டும். முஃப்லிஹுக்கு அது புரிந்தது. ஆனாலும் அந்த மனிதர் எதிரே "முடியாது" என்று சொல்ல நாக்கு எழவில்லை. "பார்க்கலாம் ஷேக்" என்றார். சொன்னதும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. மகளுக்கு 'ஃபைல் மேல போயிருக்கு' என்று சொன்ன அதே வாய்.

வாய்தா அன்று மூவரும் பஸ்ஸில் போனார்கள். கோர்ட் ஹாலில் பின் வரிசையில் அபூ ஹாயில், பக்கத்தில் சாமிஹும் அவன் அப்பாவும். கம்பெனி வக்கீல் முதலில் வீடியோவைப் போட்டுக் காட்டினார். முஃப்லிஹ் அதை ஒரு காலத்தில் நாளுக்கு நான்கு முறை பார்த்தவர். கோர்ட் சுவரில், சம்பந்தமில்லாத ஆட்களுக்கு நடுவே, அந்த ஆள் நெஞ்சில் கை வைத்து "என் பொண்ணு காலை விலை பேச மாட்டேன்" என்றபோது எழுந்து போய் அந்த வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது.

நீதிபதி கேட்டார். "இதைச் சொல்ல உங்க மகள் உங்களுக்கு அதிகாரம் கொடுத்தாங்களா?"

பின் வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"இல்ல" என்றார் முஃப்லிஹ்.

லமீஸ் தலையை ஆட்டினாள், போதும் என்பதுபோல. ஆனால் கம்பெனி வக்கீல் விடவில்லை. எழுந்து, ரொம்ப நயமாகக் கேட்டார்: "ஹாஜி, நம்ம ஊர் வழக்கம் எல்லாருக்கும் தெரியும். அப்பா சபையில சொன்ன வார்த்தையை மக மீற மாட்டா. நீங்க கேக்கலைன்னு சொல்றீங்க. கேட்டிருந்தா சரின்னுதானே சொல்லியிருப்பாங்க? பின்னாலயும் அவங்க ஒண்ணும் மறுத்துப் பேசலையே. அவங்க மனசுல சம்மதம் இருந்தது, அப்படித்தானே?"

முஃப்லிஹ் மகள் பக்கம் திரும்பினார். நுஜூத் அவரைப் பார்த்து மெல்லத் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. அதைப் பார்த்த பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"கேக்கவே தேவையில்லாம போச்சு. அன்னைக்குக் காலையில அவளே சொன்னா. பையனை விட்டுடுங்க, வைத்தியத்தை விட்டுடாதீங்கன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா. கூட்டத்துல உசுப்பேத்துவாங்கன்னுகூடச் சொன்னா. நான் சரின்னு சொல்லிட்டுப் போனேன். அஞ்சாறு மணி நேரம்கூட ஆகல. அவளுக்குச் சம்மதம் இல்லேன்னு தெரிஞ்சேதான் பேசினேன். எல்லாரும் என்னைப் பாத்தாங்க, எனக்கு அது நல்லா இருந்துச்சு. அவ்வளவுதான் காரணம், வேற ஒண்ணும் இல்ல."

லமீஸின் பேனா நின்றது. நீதிபதி எழுதிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, அதை வார்த்தைக்கு வார்த்தை எழுதச் சொன்னார். பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. முஃப்லிஹ் திரும்பவில்லை. அபூ ஹாயில் வெளியே போகிற செருப்புச் சத்தம் அவருக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஸப்ஹா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில், யாரையும் பார்க்காமல், "நான் தண்ணி பிடிக்கப் போனேனே, அப்பதானா?" என்றாள்.

"ஆமா."

"நான் போகாம இருந்திருக்கணும். இருந்திருந்தா உங்களைக் கூட்டத்துக்கே விட்டிருக்க மாட்டேன்."

தன்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தவர், அவள் தன்னையே குறை சொல்லிக்கொண்டதும் ஒடிந்துபோனார். கர்ச்சீப்பை எடுத்து மூக்கைச் சிந்தினார். நுஜூத் பின் சீட்டிலிருந்து எட்டி அவர் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள்.

கோர்ட் அந்த ராஜி நுஜூத்தைக் கட்டுப்படுத்தாது என்றது. அன்றிலிருந்து ஜாஹாக்களுக்கு நாற்காலி வேறு கடையிலிருந்து போகிறது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் கூப்பிடுகிறார்கள். அங்கேயும் சிலர் அவர் கையால் காபி வாங்குவதில்லை. சாமிஹின் அம்மா மட்டும் ஒரு நாள் ஒரு பாத்திரம் நிறைய வெண்ணெய் கொண்டுவந்து ஸப்ஹாவிடம் கொடுத்துவிட்டு, கம்பெனிதானே தரப்போகுது, என் பையன் இல்லையே, இதுக்கு ஏன் இந்த ஆம்பளைங்க இப்படிக் குதிக்கறாங்க என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நஷ்டஈடு எவ்வளவு என்று தீர்மானிக்க, நிரந்தர ஊனம் எத்தனை சதவீதம் என்று மருத்துவக் குழு சொல்ல வேண்டும். இலையுதிர் காலத்தில் நுஜூத்தைக் கூப்பிட்டார்கள். முஃப்லிஹ் கூடப் போனார். மூன்று டாக்டர்கள். அவளைப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை வைத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் மடங்கவில்லை. பழைய அறிக்கைகளைப் புரட்டினார்கள். நடுவில் இருந்த வயதான டாக்டர் எழுதி முடித்துவிட்டு, "பதினெட்டு" என்றார்.

நுஜூத் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர்கள் அடுத்த ஃபைலை எடுத்தார்கள். முஃப்லிஹ் மட்டும் நகரவில்லை.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும். அந்தப் பதினெட்டுல வண்டியோட பங்கு எவ்வளவு, என்னோட பங்கு எவ்வளவு?"

டாக்டருக்குப் புரியவில்லை. முஃப்லிஹ் முதல் அறிக்கையைத் தொட்டுக் காட்டினார். மூன்று மாதத்துக்குள் என்று எழுதியிருந்த வரியில் விரல் நின்றது. "இதை நான் ஒரு வருஷம் தள்ளிப்போட்டேன். வீட்ல பொய் சொல்லித் தள்ளிப்போட்டேன்."

வயதானவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஹாஜி, படிவத்துல ஒரு கட்டம்தான் இருக்கு. யாரோடதுன்னு பிரிச்சு எழுத இடம் இல்ல. விடுங்க."

"சொல்லுங்க டாக்டர்" என்றாள் நுஜூத். "எனக்கும் தெரியணும்."

டாக்டர் அவளைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "அப்பவே செஞ்சிருந்தா ஏழு, எட்டு. அதுக்கு மேல போயிருக்காது."

"அப்ப பத்து" என்றார் முஃப்லிஹ். "பத்து என்னோடது."

இல்லை என்று யாராவது சொல்வார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் ஒரு நொடி மகள் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா யாபா" என்றாள் நுஜூத்.

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை, இறங்க நாற்பது படி. அவள் ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் அவர் தோளையும் பிடித்துக்கொண்டாள். அவர் ஒவ்வொரு படிக்கும் முன்னால் இறங்கி நின்று, அவள் காலை வைக்கும்வரை காத்திருந்தார்.